நான்காவது லைன்

மானிப்பாய்,
16.02.2025

அன்புள்ள தம்பி ஜொனதனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே இரண்டு பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் போனேன். அம்மா பார்த்துவிட்டு, "பொய் எழுதாதை, இருக்கிறம் எண்டு மட்டும் எழுது" என்றார். உன் சளி விட்டதா? மார்புக்குப் பூசத் தைலம் இருக்கிறதா?

நீ அனுப்பிய, கரண்ட் அளக்கும் மின்சுற்றுப் பலகை உடையாமல் வந்து சேர்ந்தது. அதை ஒரு பெட்டிக்குள் பூட்டி, வீட்டு வயரிங்கை நாலு லைனாகப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். முதலாவது குசினி, சமையல் சாமான்கள் எல்லாம் அதில்தான். இரண்டாவது கிணற்று மோட்டர். மூன்றாவது பிரிட்ஜ். நான்காவது அம்மாவின் அறை, அதில் ஒட்சிசன் மெஷின் மட்டும்தான். பத்து வருடமாக சூரியத் தகடு பூட்டும் கடையில் ஏணி ஏறி இறங்குகிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனால் சின்னக் கணினியோடு தொடுத்தபோதுதான் வினை தொடங்கியது. கணினி அந்தப் பலகையைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டும் ஒரே மேசையில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இருக்கின்றன.

அவசரம் ஏன் என்று உனக்குத் தெரியும். போன கிழமை காற்றுக்கு மரம் விழுந்து நாலு மணித்தியாலம் கரண்ட் இல்லை. மெஷின் இன்வேட்டரில் ஓடியது. பற்றறி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாமல், நான் மணிக்கூட்டையும் அம்மாவின் உதட்டு நிறத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த லைன் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்தால், எதை நிறுத்தலாம் என்று தெரியும். இன்னொரு தரம் அப்படி நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

வீடியோவில் கூப்பிடாதே. மூக்கில் குழாய் வைத்த முகத்தை உனக்குக் காட்ட மாட்டாராம். போனில் கதைத்தாலும் இருமல் வருகிறது. நீ இமெயிலில் கடிதமாகவே எழுது. மாலை ஜெபம் முடிய நான் வாசித்துக் காட்டுவேன். அவர் சொல்வதைக் கடைசியில் எழுதுவேன்.

அம்மா சொன்னது: "பேப்பர் கிடைக்குமட்டும் அங்கையே இரு. ஓடி வந்திடாதை. நான் ஒரு இடமும் போகேல்லை."

உன் அக்கா,
நிமலினி

---

அபர்டீன்,
23.02.2025

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

ஜொனதன் எழுதுகிறேன். சளி விட்டுவிட்டது, குளிர்தான் விடவில்லை. தைலம் இருக்கிறது. அம்மாவுக்கு இரவில் நித்திரை எப்படி? கால் வீக்கம் வற்றியதா?

அக்கா, நீங்கள் பூட்டியதில் பிழை இல்லை. அந்தச் சின்னக் கணினி ஓடுவது லினக்ஸ் இயங்குதளத்தில், அதில் இந்தப் பலகைக்கு டிரைவர் இல்லை. கணினிக்கும் கருவிக்கும் நடுவே நின்று ஒன்று சொல்வதை மற்றதற்கு விளங்கவைக்கிற சின்ன மென்பொருள்தான் டிரைவர். இந்தப் பலகைக்கு அதை இதுவரை ஒருவரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

அதில் அளக்கிற சிப் ஒன்றே ஒன்று. நாலு லைனையும் அது முறைவைத்துத்தான் பார்க்கும். சுவிட்சை ஒரு லைனுக்குத் திருப்பவேண்டும். பிரிட்ஜ் மாதிரிக் குறைவாக இழுப்பதற்குச் சின்ன அளவெல்லை, அம்மாவின் மெஷினுக்குப் பெரிய அளவெல்லை, அதையும் மாற்றவேண்டும். மாற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து வாசிக்கவேண்டும். பிறகு அடுத்த லைன். இதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் பலகை வேலை செய்யும்.

அம்மா, என் வதிவிட விண்ணப்பம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. முடிவு வருமுன் நான் இந்த நாட்டை விட்டு வெளியே போனால், விண்ணப்பத்தை நானே திருப்பி எடுத்ததாகக் கொள்வார்களாம். ஆறு வருடம் வீணாகும். ஒக்டோபருக்குள் முடிவு வரும் என்று வழக்கறிஞர் சொல்கிறார். வந்த அன்றே டிக்கெட் எடுப்பேன். அதுவரைக்கும் இருங்கள்.

அன்பு மகன்,
ஜொனதன்

---

மானிப்பாய்,
09.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமும் டிரைவரும் கிடைத்தன. இருக்கிறோம். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது, சாப்பாடு மட்டும் குருவிச் சாப்பாடு.

நீ சொன்னபடி ஏற்றினேன். முதல் தரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தரம் நாலு லைனும் திரையில் வந்து வரிசையாக நின்றன. நான் போட்ட சத்தத்தில் அம்மா ஜெபத்தை நிறுத்திவிட்டு, "என்னடி, அவன் வந்திட்டானோ?" என்று கேட்டார். இல்லையம்மா, அவன் எழுதின டிரைவர் வேலை செய்யுது என்றேன். "அதுவும் அவன்தானே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அளவுகளை நீயும் அங்கேயிருந்து பார்க்கும்படி இணையத்தில் தொடுத்துவிட்டேன். வேலை நேரத்தில் இதையே பார்த்துக்கொண்டிருக்காதே.

அம்மா சொன்னது: "நான் மூச்சு விடுறதை அவன் அங்கையிருந்து பாக்கிறானாமோ? அப்ப இனி ஒழுங்கா விடோணும்."

நிமலினி அக்கா

---

அபர்டீன்,
30.03.2025

அன்புள்ள அம்மா, அக்கா,

இங்கே நான் சுகம். உங்கள் சுகத்தைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேனே. இருந்தாலும் எழுதுங்கள்.

காலையில் வேலைக்குப் போகமுன் திரையைத் திறக்கிறேன். நான்காவது லைன் ஒரே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். அதைக் கண்டபிறகுதான் தேத்தண்ணீர் குடிக்கிறேன். வெள்ளி மாலை வேலை முடிந்தால் திங்கட்கிழமை வரை நான் ஒரு மனிதரோடும் ஒரு வார்த்தை கதைப்பதில்லை. போன சனிக்கிழமை திரையைப் பார்த்து "அம்மா, எழும்பிட்டியளோ" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள் அக்கா.

டிரைவரை லினக்ஸைப் பராமரிக்கிறவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஏற்றுக்கொண்டால் இந்தப் பலகை வாங்கும் எவருக்கும் உதவும். அங்கே செக் நாட்டுக்காரர் ஒருவர் ஒவ்வொரு வரியாகக் குடைகிறார். லைன் மாற்றியபிறகு நான் பொறுக்கும் நேரம் போதாதாம். நான்காவது லைன் ஏன் இடைக்கிடை மேலே துள்ளுகிறது என்றும் கேட்டார். மெஷின் காற்றை அமுக்கும்போது அப்படித்தான் துள்ளும் என்று எழுதினேன். என் அம்மாவின் மெஷினைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

ஜொனதன்

---

மானிப்பாய்,
27.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள், ஒரு கிழமை பிந்தி. ஏன் பிந்தியது என்று கேள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வீட்டுக்குள் கால் வைக்கவும் கரண்ட் போனது. ஒரு மணியாகியும் வரவில்லை, இரண்டாகியும் வரவில்லை. பெட்டியைப் பார்த்தேன். இப்படியே போனால் இன்னும் நாற்பது நிமிடம் என்று காட்டியது. பிரிட்ஜை நிறுத்தினேன், மோட்டரை நிறுத்தினேன், குசினியையும் நிறுத்தினேன். நாற்பது நிமிடம் இரண்டு மணித்தியாலமாகியது. கரண்ட் வரும்போது பற்றறியில் பதினைந்து நிமிடம் மிச்சம். ஜொனதன், நீ அங்கே இருந்து எழுதியதுதான் அன்றைக்கு அம்மாவைக் காப்பாற்றியது. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. பெட்டி இல்லாவிட்டால் நான் பிரிட்ஜை நிறுத்தியிருக்க மாட்டேன்.

ஆனால் அம்மா நன்றாக மெலிந்துவிட்டார். கட்டிலிலிருந்து கதிரைக்கு வர மூன்று தரம் நிற்கவேண்டியிருக்கிறது. டொக்டர் என்னைத் தனியே வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். நீ தைரியமாக இரு.

அம்மா சொன்னது: "கெட்டிக்காரப் பெட்டி. கெட்டிக்காரப் பெடியன்."

இன்னொன்றும் சொன்னார். அதை உனக்கு எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

நிமலினி அக்கா

---

அபர்டீன்,
15.06.2025

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நலமா? மே பதினெட்டாம் திகதி எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. போன் எடுத்தேன். "வேலையில் நிற்கிறேன்" என்று ஒரு வரி மட்டும் அனுப்பினீர்கள், அது ஞாயிற்றுக்கிழமை.

ஜூன் தொடக்கத்திலிருந்து நான்காவது லைன் விட்டு விட்டு ஓடுகிறது. கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஓடும்போதும் முன்னையைவிடக் குறைவாகத்தான் இழுக்கிறது. மெஷினில் பழுதா? வடிகட்டி அடைத்திருக்கிறதா? அம்மா தானே கழற்றி வைக்கிறாரா? அம்மா, கழற்றாதீர்கள். குழாய் மூக்கை அரித்தால் தேங்காய் எண்ணெய் பூசலாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

உங்கள் பதில் வரும்வரை எனக்கு வேலை ஓடாது.

ஜொனதன்

---

மானிப்பாய்,
29.06.2025

அன்புள்ள தம்பி,

பதில் பிந்தியதற்கு மன்னி. எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், இப்போது சுகம். நீ நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

மெஷினில் பழுது இல்லை. விட்டு விட்டுப் போடலாம் என்று டொக்டர் சொன்னவர். யோசிக்காதே. உன் கடிதத்தை மாலையில் அறையில் இருந்து வாசித்தேன்.

விண்ணப்பம் என்ன நிலை? அதைக் கவனி.

அக்கா

---

அபர்டீன்,
20.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டது நல்லது. உடம்பைப் பாருங்கள். விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது. அம்மா சொன்னது என்று இந்தத் தரம் ஒரு வரியும் இல்லை. சோர்வாக இருப்பார் என்று நினைக்கிறேன்.

செக்காரர் சொன்னதைக் கேட்டு டிரைவரைத் திருத்தியிருக்கிறேன். பெரிய மாற்றம் இல்லை, பொறுக்கும் நேரத்தைக் கூட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். புதியதை இத்துடன் அனுப்புகிறேன். இங்கேயிருந்து நானே ஏற்றலாம். ஆனால் அது உங்கள் கையால் பூட்டிய பெட்டி. நீங்கள் ஏற்றினால்தான் முறை.

ஏற்றிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

ஜொனதன்

---

மானிப்பாய்,
17.08.2025

அன்புள்ள தம்பி,

சுகமாக இருக்கிறாயா? இங்கே வெயில். கடையில் நல்ல வேலை, ஒருநாளில் இரண்டு கூரை ஏறுகிறேன்.

நீ அனுப்பியதை ஏற்றவில்லை. நன்றாக ஓடுகிறதை ஏன் குழப்பவேண்டும்? கைவைத்து, பிறகு நாலு லைனும் போனால் என்ன செய்வது? இருக்கிறபடி இருக்கட்டும். ஒக்டோபர் கழியட்டும், பிறகு பார்ப்போம். இந்த ஒரு விஷயத்தில் அக்கா சொல்வதைக் கேள்.

நிமலினி

---

அபர்டீன்,
21.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஜூலையில் செக்காரர் மூன்றாம் தரமும் அதே கேள்வியைக் கேட்டார். அவருடைய வாயை மூடவேண்டும் என்ற கோபத்தில், என்னிடம் இருந்த அதேமாதிரிப் பலகையை மேசையில் வைத்துச் சோதித்தேன். மூன்றாவது லைனில் ஒரு பழைய மின்குமிழைப் போட்டேன். நான்காவதில் ஒன்றும் போடவில்லை. நான்காவதும் ஓடுவதாகக் காட்டியது. குமிழை அணைத்தேன், நான்காவதும் அணைந்தது.

பிழை என்னுடையது. சுவிட்ச் திரும்பி, அளவெல்லை மாறி அடங்குமுன் என் டிரைவர் அவசரப்பட்டு வாசித்துவிடுகிறது. மூன்றாவதில் இருந்த மிச்சத்தை நான்காவதன் கணக்கில் எடுக்கிறது. சின்ன எல்லையில் அளந்த மிச்சம் பெரிய எல்லையில் பத்து மடங்காகத் தெரியும். ஜூனிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவின் மெஷின் இல்லை, பிரிட்ஜ். பிரிட்ஜைப் பார்த்துத்தான் காலை வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

பழைய அளவுகளை எல்லாம் எடுத்து அந்த மிச்சத்தைக் கழித்துப் பார்த்தேன். ஜூன் மூன்றாம் திகதி, செவ்வாய், பின்னேரம் மூன்று நாற்பத்திரண்டு. அதுவரை மெஷின் ஓடியது. அதன்பிறகு இன்றுவரை ஒரு நிமிடமும் ஓடவில்லை.

அம்மா அன்றைக்குத்தான் போனாரா, அக்கா?

இதை நான் கண்டது ஜூலை பதினெட்டாம் திகதி. இருபதாம் திகதிக் கடிதத்தை எல்லாம் தெரிந்துகொண்டுதான் எழுதினேன். புதிய டிரைவரை நீங்கள் ஏற்றினால் லைன் பூச்சியமாகும், பிறகு உங்களால் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். ஏற்றவில்லை என்று உங்கள் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது. நானும் ஏற்றாமல் விட்டேன். இரண்டு மாதமாக இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. என் அம்மா செத்துப்போனார் என்று சொல்ல எனக்கு இங்கே ஆள் இல்லை அக்கா. கம்பனியில் "வார இறுதி எப்படி?" என்று கேட்பார்கள். நல்லது என்பேன்.

இன்று எழுதுவதற்குக் காரணம் வேறு. ஆறு மாதமாக நான்காவது லைனையே பார்த்தவன், போன கிழமைதான் முதலாவது லைனைப் பார்த்தேன். மார்ச்சில் விடிய ஐந்தரைக்குத் தேத்தண்ணீர் கொதிக்கவைக்கக் கேத்தில் ஏறும், பதினொன்றரைக்கு றைஸ் குக்கர், நாலு மணிக்கு மறுபடி கேத்தில். ஜூன் மூன்றுக்குப் பிறகு காலைக் கேத்தில் மட்டும்தான். குக்கர் ஒருநாளும் ஏறவில்லை. கடையில் சாப்பிடுகிறீர்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஏறவில்லையே.

அந்த வீட்டில் உயிரோடு இருக்கிற ஆளை நான் இவ்வளவு நாளும் பார்க்கவே இல்லை. என்னை மன்னியுங்கள்.

தம்பி ஜொனதன்

---

மானிப்பாய்,
22.09.2025

என் அன்புத் தம்பிக்கு,

நேற்று உன் கடிதத்தை நின்றபடியே வாசித்து, பிறகு நிலத்தில் குந்தியிருந்து வாசித்தேன்.

ஓம். ஜூன் மூன்றுதான். ஆனால் மூன்று நாற்பத்திரண்டு இல்லை, மூன்றுக்கும் முன்பே. முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். "காணும் பிள்ளை, ஈரம்" என்று போதுமெனக் கை காட்டினார். துவாயை மடித்துவிட்டுத் திரும்பினேன், மூச்சு இல்லை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்குத் துணிவு வரவில்லை. நிறுத்தினால் நீ அங்கே இருந்து காண்பாய். முக்கால் மணித்தியாலம் அம்மாவின் கையையும் பிடித்துக்கொண்டு, அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். நீ கண்ட நேரம் அம்மா போன நேரம் இல்லை, என் கை சுவிட்சில் பட்ட நேரம்.

உயிர்த்த ஞாயிறு அன்று அவர் எழுத வேண்டாம் என்று சொன்னது இதுதான்: "நான் போனால் அவனுக்குப் பேப்பர் கிடைக்குமட்டும் சொல்லாதை. கேட்டால் ஓடி வந்திடுவான். பிறகு அங்கையும் இல்லை, இங்கையும் இல்லை எண்டு நிப்பான்." நான் தலையாட்டினேன். போதகரிடமும் சபையாரிடமும் கெஞ்சி ஒருவரும் உனக்கு எழுதாமல் பார்த்தேன். பத்திரிகையில் அறிவித்தல் போடவில்லை. ஐந்தாம் திகதி அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். மெஷின் சபையுடையது. கரவெட்டியில் நாகலிங்கம் என்று ஒருவர் மூச்சுக்குக் கஷ்டப்படுகிறார் என்றார்கள், ஏழாம் திகதி நானே ஓட்டோவில் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தேன். அவர் இப்போது முற்றத்தில் நடக்கிறாராம்.

லைன் விழுந்ததை நீ கண்டிருப்பாய், அன்றே கூப்பிடுவாய் என்று போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ கூப்பிடவில்லை. பிறகு விட்டு விட்டு ஓடுது என்று எழுதினாய். பெட்டியைப் போய்ப் பார்த்தேன். பிரிட்ஜ் ஓடும்போது வெறும் லைன் துள்ளுவதைக் கண்டேன். எனக்கு விளங்கிவிட்டது. பெட்டி எனக்காகப் பொய் சொல்லியது, நான் அதற்கு டொக்டரையும் சேர்த்துக்கொண்டேன். ஜெபத்தில் இருக்கும்போதெல்லாம், டொக்டர் சொன்னவர் என்று எழுதிய அந்தப் பொய் வரிதான் வாயில் வரும். அறையில் இருந்து வாசித்தேன் என்று எழுதியது மட்டும் உண்மை. வெறும் கட்டிலைப் பார்த்து, உன் கடிதங்களை முழுவதுமாகச் சத்தமாக வாசித்தேன்.

உன்னைத் தனியே அழவிட்டுவிட்டேன். அதற்கு அம்மா சொன்னது என்று நான் சாட்டுச் சொல்ல மாட்டேன்.

இன்று காலை உன் புதிய டிரைவரை ஏற்றினேன். நான்காவது லைன் பூச்சியம். அந்தச் செக்காரருக்கு நன்றி சொல், அவர் நல்ல மனிதர். நீ இன்னும் வரவேண்டாம். பேப்பர் வரட்டும். எப்போது வந்தாலும் இரண்டு பேருமாகக் கல்லறைக்குப் போவோம்.

இன்று கடைக்கும் போகவில்லை. பதினொன்றரைக்குக் குக்கரில் ஒரு சுண்டு அரிசி போட்டேன். கூடிப்போய்விட்டது, ஒரு ஆளுக்கு அளக்க எனக்கு இன்னும் கை பழகவில்லை. இதைத் திறக்கமுன்பே நீ முதலாவது லைனில் கண்டிருப்பாய். உன்னை அளக்க இங்கே என்னிடம் ஒரு பெட்டியும் இல்லை. ஆகையால் இன்று என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு என்று நீயே எழுது. பொய் எழுதாதே.

அக்கா